தாங்கள் கேட்ட பாலம்

போடிநாயக்கனூரில் ஏஜெண்டு என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆள்தான் ஞாபகத்துக்கு வரும். மலையிலிருந்து இறங்குகிற ஏலக்காயை ஏலத்தில் வைத்து விற்றுக் கொடுக்கிறவர். அவர் சட்டைப் பையில் கையை விட்டால் பேனாவுக்கு முன்னால் நாலு ஏலக்காய் வரும். அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியின் மேல்மாடியில், 'அவைக்குறிப்பு: ஏஜெண்டுகளுக்கான விளக்கவுரை மையம்' என்று போர்டு மாட்டினார்கள். மாட்டினவர்களுக்குப் புத்தி எங்கே போச்சு என்று நீங்கள் கேட்கலாம். எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும், அதற்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். சட்டசபையில் இத்தனை வருஷமாக உறுப்பினர்கள் கேட்ட கேள்வி, மந்திரிகள் சொன்ன பதில், போட்ட சட்டம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, தேடி எடுக்க ஒரு கருவி செய்தார்கள். அதற்குப் பேர்தான் அவைக்குறிப்பு. ஆனால் அதில் தேடப்போவது மனுஷர் இல்லை, ஏஐ ஏஜெண்டு. அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, நமக்குப் பதிலாகக் கேள்வியைக் கேட்டு, பதிலையும் தானே வாங்கிக்கொள்கிற யந்திர மூளை. எந்தக் கட்டத்தில் தேதி போட வேண்டும், எதில் ஊர்ப்பெயர் போட வேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த யந்திரம் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு கையேடு வேண்டும். அதை எழுதுவதற்கு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்தவன் லிங்கேஸ்வரன். எம்.ஏ. தமிழ்.

லிங்கேஸ்வரனுக்கு எழுத்து என்றால் உசிர். 'இனிதே' என்ற சொல்மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம். கல்யாணத்துக்கு முன்னால் சுகன்யாவுக்கு எழுதின கடிதங்களில் வரிக்கு ஒரு இனிதே வரும். 'நேற்று எனக்குக் காய்ச்சல் இனிதே விட்டது' என்று எழுதினதைப் படித்துவிட்டு அவள் இரண்டு நாள் சிரித்தாள். கையேட்டிலும் 'தேதியை இனிதே உள்ளிடவும்' என்றுதான் எழுதினான். ஒன்றரை வருஷத்தில் முந்நூறு பக்கம் எழுதிவிட்டான், ஒரு மனுஷர் அதைப் படித்தது கிடையாது. மையத்தின் இயக்குநர் வீரணன் பக்கத்தை எண்ணுவார், படிக்க மாட்டார். கூட்டிப் பெருக்கி டீ போடுகிற ராமுத்தாய்க்கா, பழைய பக்கங்களை வடைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். எண்ணெய் நன்றாக இழுக்கிறது என்று பாராட்டினது அந்த அக்கா மட்டும்தான்.

ஆரம்பத்தில், கையேட்டின் முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. 'தேதியை இனிதே உள்ளிடு' என்று எழுதிக்கொண்டுபோய் நீட்டினான். வீரணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யோவ் லிங்கேஸ்வரா, என்னய்யா இது? ஏஜெண்டைப் போயி நீ, வா, போன்னு எழுதியிருக்க?"

"மெசினுதானங்கய்யா."

"மெசினா? யோவ், ஒரு மனுசனைக் காக்க வச்சா என்ன செய்வான்? கீழ போயி ஒரு டீயக் குடிச்சுட்டு, நம்மளத் திட்டிட்டு, வீட்டுக்குப் போயிருவான். அது எங்கயும் பதிவாகாது. ஏஜெண்டைக் காக்க வச்சா எத்தனை செகண்டுன்னு மேல பதிவாகும்யா. இப்பச் சொல்லு, ரெண்டு பேத்துல யாருக்கு மரியாதை குடுக்கணும்?"

'நீங்கள்' போதுமா, 'தாங்கள்' வேண்டுமா என்று மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். கடைசியில் குறிப்பாணை வந்தது. ஏஜெண்டு இனி 'தாங்கள்'. கேட்ட இரண்டு செகண்டில் பதில். கிடைக்காவிட்டால் 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்'. அதன் பிறகும் மூன்று தடவை மறுபடி கேட்கிற உரிமை. அந்தத் தாளை, "இந்தாய்யா, வெரசா கொண்டுபோயி ஒட்டு" என்று லிங்கேஸ்வரன் கையில் கொடுத்தார் வீரணன்.

ஒட்டும்போதுதான் லிங்கேஸ்வரன் வயிற்றில் முதல் கங்கு விழுந்தது. அவன் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போனதை ரேஷன் அட்டையில் திருத்த ஓர் ஆபீசுக்கு நாலு மாசம் நடந்தான். 'நாளைக்கு வா' என்பதைத் தவிர ஒரு வார்த்தை அவனிடம் யாரும் பேசினதில்லை. உடம்பில்லை, வயிறில்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை, அதைப் போய் தாங்களாம்! பொறந்தா ஏஜெண்டாப் பொறக்கணும்டா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

பொறாமைப்பட அவனுக்கு ஒரு காரணமும் இருந்தது. சுகன்யா, குரங்கணிக்கு மேலே ஊத்துப்பாறைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். போடியிலிருந்து பஸ்சு, குரங்கணியிலிருந்து தோட்டத்து ஜீப்பு, அதற்கப்புறம் ஓடை. ஓடைக்குப் பாலம் கிடையாது. மழைக்காலத்தில் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் வருகைப் பதிவேடுமாக இறங்கித்தான் போக வேண்டும். போன ஐப்பசியில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. பதிவேடு நனையவில்லை என்று அவளைப் பாராட்டினார்கள்.

பாலம் கேட்டு ஊர்க்காரர்களும் சுகன்யாவும் எத்தனையோ மனு போட்டாயிற்று. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரே பதில்: 'சட்டசபையில் அளிக்கப்பட்ட பதிலின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' பதினோரு வருஷத்துக்கு முன்னால் உறுப்பினர் ஒருவர் அந்தப் பாலத்தைப் பற்றிச் சபையில் கேட்டது வாஸ்தவம். மந்திரி என்ன பதில் சொன்னார் என்பதுதான் மலையிலும் ஊரிலும் ஒருவருக்கும் தெரியாது. அது தெரிந்தால் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சண்டை போடலாம். அந்த ஒரு பதிலுக்காகத்தான் லிங்கேஸ்வரன் இந்த வேலையிலேயே சேர்ந்தான்.

"ஏங்க, சட்டசபையே உங்க மாடியில இருக்குன்றீக. ஒரு பாலம் என்னாச்சுன்னு பாத்துச் சொல்ல முடியாதா?" என்று சுகன்யா கேட்காத வாரம் இல்லை.

முடியாது. கையேட்டின் நாலாம் பக்கத்தில் அவனே எழுதியிருக்கிறான்: 'மனிதர் நேரடியாகக் கேட்கலாகாது. கேள்வி ஏஜெண்டு வழியாகவே வர வேண்டும்.' வீரணனிடம் காலில் விழாத குறையாகக் கேட்டும் பார்த்தான்.

"கேக்கலாம்யா, நீ மட்டும் கேட்டாப் பரவாயில்ல. நாளைக்கு மனுசங்க எல்லாரும் கேக்க ஆரம்பிச்சாகன்னா? அப்பறம் பதில் சொல்ல வேண்டி வந்துராது?" என்றார் வீரணன். ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. இதுவரை எத்தனை ஏஜெண்டுகள் பதிவு செய்திருக்கிறார்கள்? ஒன்றுகூட இல்லை. வீரணன் அசரவில்லை. 'ஏஜெண்டுகள் தங்களைப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் இல்லை' என்று நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டிலிருந்து தேவர் சிலை வரைக்கும் ஒட்டச் சொன்னார்.

மறுநாள் காலையில் மாடிப்படி கொள்ளவில்லை. நாற்பத்து மூன்று ஏஜெண்டு! முப்பது பேர் ஏலக்காய், ஏழு பேர் இன்சூரன்ஸ், பாக்கி பேர் கேஸ் சிலிண்டர், பாஸ்போர்ட்டு, கல்யாணத் தரகு. வரிசையில் ஏழாவது ஆளாக, வெள்ளைச் சட்டையும் சந்தனமுமாக நின்றான் முத்துக்கண்ணன். லிங்கேஸ்வரனின் மச்சினன். சுகன்யாவின் ஒரே தம்பி. எட்டாம் வகுப்பை மூன்று தடவை எழுதினவன்.

லிங்கேஸ்வரன் உள்ளே ஓடினான். "அய்யா, வந்திருக்கிறது எல்லாம் மனுசங்கய்யா! தப்பு நடந்துபோச்சு!"

வீரணன் எட்டிப் பார்த்தார். தலைகளை எண்ணினார். "நாப்பத்து மூணு. மாநிலத்துலயே நாமதான்யா முதல். எதுய்யா தப்பு? போயிப் படிவத்தைக் குடு."

படிவம் யந்திரத்துக்காகப் போட்டது. முத்துக்கண்ணன் அதை மிரளாமல் நிரப்பினான். 'தயாரிப்பாளர் பெயர்' என்ற இடத்தில் மொக்கச்சாமி என்று அப்பா பெயரை எழுதினான். 'பதிப்பு' என்ற இடத்தில் 1986. 'நினைவகத் திறன்' என்ற இடத்தில், 'ஏழு வருசத்து ஏல விலை மனப்பாடம்'. 'ஏஜெண்டின் தரம்' என்று கேட்டிருந்ததற்கு, எட்டு எம்எம் என்று காயின் அளவைப் போட்டான். எல்லாவற்றுக்கும் சரி குறி விழுந்தது.

"நானும் ஒரு படிவம் நிரப்பட்டுங்களாய்யா?" என்றான் லிங்கேஸ்வரன்.

"நீ மையத்து ஆளு. உனக்குக் குடுத்தா பாரபட்சம்னு ஆயிரும்யா" என்றார் வீரணன்.

மச்சினனுக்கு அட்டையைத் தயார்செய்ததும் லிங்கேஸ்வரன்தான். 'ஏஜெண்டு எண் 7. தாங்கள் இனிதே பதிவு செய்யப்பட்டீர்கள்.' தன் கையாலேயே, தன் இனிதேயைப் போட்டு, அவனைத் தாங்கள் ஆக்கினான். அத்தோடு விட்டார்களா? ஏஜெண்டுகளுக்குப் பயிற்சி வகுப்பு என்று அவனை நிற்கவைத்தே பேசச் சொன்னார்கள். தாங்கள்மார் எல்லாரும் நாற்காலியில்.

"மச்சான், இந்தக் கேள்வியப் போட்டா எத்தனை நேரத்துல பதில் வரும்?" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டான் முத்துக்கண்ணன்.

"ரெண்டு செகண்டு மாப்ளே" என்றான் லிங்கேஸ்வரன், நின்றபடியே.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. மச்சினன் அட்டையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். சுகன்யா முகமெல்லாம் பல்.

"எந்தம்பியப் பாத்தீகளா? தாங்கள்னு அடிச்சுக் குடுத்திருக்காக. பேசாம அவனையே பாலத்தைக் கேக்கச் சொல்லவா? ரெண்டு செகண்டாமே?"

லிங்கேஸ்வரன் சோற்றுத் தட்டை நகர்த்தினான். ஒன்றரை வருஷமாகத் தன்னால் கொண்டுவர முடியாததை அந்தப் பயல் ரெண்டு செகண்டில் கொண்டுவந்து அக்கா மடியில் போடுவான். ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவாள். 'எந்தம்பி கொண்டாந்த பாலம்' என்று தினமும் அதில் நடந்து போவாள். நினைக்கவே உடம்பு காந்தியது.

"வேணாம்" என்றான். "அவன் சோலிய அவன் பாக்கட்டும். பதில நான் கொண்டாறேன்."

"எப்பிடி?"

"கொண்டாறேன்னா கொண்டாறேன்."

யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்தான். கையேட்டில் ஏஜெண்டுகளுக்கு ஒரு மாதிரிக் கேள்வி கொடுக்க வேண்டியிருந்தது. கேள்வியை இவன் எழுதினால், சென்னையில் ஒருவர் அதை நிஜமாகவே கருவியில் போட்டு, வந்த பதிலை நிரப்பி அனுப்புவார். லிங்கேஸ்வரன் எழுதினான்: 'மாதிரிக் கேள்வி: குரங்கணிக்கு மேல் ஊத்துப்பாறை ஓடைப் பாலம் என்ன ஆயிற்று?' பதிலுக்கு இடம் காலியாக விட்டான். மச்சினன் தயவு இல்லை, அட்டை இல்லை, பதில் தானாக நடந்து தன் மேசைக்கு வரும் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனான்.

காலியிடத்தை வீரணன் பார்த்துவிட்டார். அந்த முதல் வரிக்கு அப்புறம் அவர் ஒரு பக்கத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"இதென்னய்யா சொத்தைப் பல்லு மாதிரி? சாயந்தரம் கையேட்டை வெளியிடணும். நெரப்பு."

"சென்னையில இருந்து நெசப் பதில் வரணுங்கய்யா."

"மாதிரிக்கு எதுக்குய்யா நெசப் பதில்? சபையில உள்ளது பாதி 'பரிசீலனையில் உள்ளது'ன்னுதான் இருக்கும். மொதப் பதிலே அப்பிடி இருந்தா ஏஜெண்டு நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்? ஒரு யந்திரம் நம்மகிட்ட மொதமொதல்ல கேக்குற கேள்விக்கு மங்கலமா பதில் சொல்லி அனுப்ப வேணாமா? பாலம் கட்டியாச்சுன்னு போடுய்யா."

லிங்கேஸ்வரன் தயங்கினான். மாதிரிதானே, இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. விசைப்பலகையில் கையை வைத்ததும் சுகன்யா செருப்பைக் கழற்றாமல் ஓடையைக் கடப்பதுபோல் ஒரு நினைப்பு வந்தது. சொன்னதற்கு மேலேயே எழுதிவிட்டான்: 'பாலம் உறுதியாகக் கட்டி முடிக்கப்பட்டு, இருபுறமும் கைப்பிடி அமைக்கப்பட்டு, மக்கள் பயன்பாட்டில் இனிதே உள்ளது.' கைப்பிடி அவனாகச் சேர்த்தது. அவளுக்கு மணிக்கட்டு உடைந்த ஞாபகம்.

கையேடு வெளியாயிற்று. பதினைந்து நாளில் நிஜ ஏஜெண்டுகள், அதாவது யந்திர ஏஜெண்டுகள், முந்நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தன. மனு வாங்குகிற ஆபீசுகளில்கூட ஒவ்வொன்று வைத்துக்கொண்டார்கள். எல்லாம் கையேட்டைக் கரைத்துக் குடித்தன. எது மாதிரி, எது நிஜம் என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது கையேடு. கையேட்டில் அதற்கு ஒரு வரி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முத்துக்கண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"அக்கா! பாலம் கெடைச்சிருச்சுக்கா! மச்சான் சொல்லுவாரு சொல்லுவாருன்னு பாத்தேன், காணோம். நானே போன்ல உள்ள ஏஜெண்டைக் கேட்டுட்டேன். கட்டி முடிச்சு, கைப்பிடி வச்சு, சனம் போயிட்டு வந்துக்கிட்டு இருக்காம்!"

"எந்தச் சனம்?" என்றாள் சுகன்யா. "வெள்ளிக்கிழமை தொடை மட்டும் தண்ணியில நாந்தானடா போயிட்டு வந்தேன்."

"அது உனக்குத் தெரியாதுக்கா. தாங்கள் கேட்ட பாலம்னு தலைப்புப் போட்டே சொல்லுது."

உள்ளறையில் இருந்த லிங்கேஸ்வரனுக்குக் கைப்பிடி என்ற சொல் காதில் விழுந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. திங்கட்கிழமை வீரணன் வருவதற்கு முன்னாலேயே வாசலில் நின்றான்.

"அய்யா, மாதிரிப் பதிலை ஏஜெண்டு எல்லாம் நெசம்னு எடுத்துக்கிட்டு, கேக்குறவுகளுக்கு எல்லாம் அதையே பதிலாச் சொல்லுதுங்கய்யா. அங்க பாலமே இல்ல. இன்னைக்கே திருத்திரணும். உண்மையில மந்திரி என்ன பதில் சொன்னாருன்னாவது பாத்துச் சொல்லுங்க."

"அதான் கையேட்டுல இருக்கே."

"அது நான் எழுதுனதுங்கய்யா!"

வீரணன் நாற்காலியில் சாய்ந்து ஒரு தாளை எடுத்தார். "இங்க பாரு. முந்நூத்திப் பன்னெண்டு ஏஜெண்டு இந்தக் கேள்வியக் கேட்டிருக்கு. முந்நூத்திப் பன்னெண்டுக்கும் பாலம் கெடைச்சிருக்கு. ஒண்ணுகூடப் புகார் சொல்லல. திருப்தி நூத்துக்கு நூறு. கெடைக்கலேன்னு சொல்றது உலகத்துலயே உம்பொண்டாட்டி ஒருத்திதான். ஒருத்திக்காக முந்நூத்திப் பன்னெண்டு பேரு பாலத்தை இடிக்கச் சொல்றியாய்யா?"

"ஏஜெண்டு புகார் சொன்னாத் திருத்துவீங்களா?"

"கண்டிப்பா. ஆனா அது கையேட்டப் பாத்துத்தான் புகார் சொல்லும். கையேட்டுல பாலம் இருக்கு. போயிச் சோலியப் பாரு."

அவன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கடிதம் வந்துவிட்டது. சுகன்யா அடுப்படியில் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். மனு போட்ட ஆபீசிலிருந்து, அங்கே வைத்திருக்கிற ஏஜெண்டு எழுதினது. அதற்கு அவள் தாங்கள் இல்லை, வெறும் மனுதாரர். 'மேற்படி ஓடையின் மீது பாலம் உறுதியாகக் கட்டி முடிக்கப்பட்டு, இருபுறமும் கைப்பிடி அமைக்கப்பட்டு, மக்கள் பயன்பாட்டில் இனிதே உள்ளது. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது. இனி ஓடையில் வெள்ளம் எனக் காரணம் காட்டித் தாமதமாகப் பள்ளிக்கு வருவது ஏற்கப்படாது.'

அவள் ஒரு தடவை படித்தாள். நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இது உங்க எழுத்துதான?"

லிங்கேஸ்வரன் அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்தான்: இனிதே. முந்நூறு பக்கத்தை யாராவது ஒரு மனுஷர் படித்து, இது லிங்கேஸ்வரன் எழுத்து என்று கண்டுபிடிக்க மாட்டார்களா என்று ஏங்கினவன்தான். கண்டுபிடித்தாயிற்று. "மாதிரிக்குன்னுதான் எழுதுனேன்" என்றான். "உந்தம்பி முந்திரக் கூடாதுன்னு... நானே கொண்டாரணும்னு..." என்று இழுத்தான்.

அவள் கடிதத்தை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தாள்.

"நாளைக்கு லீவு போடுங்க. நீங்க கட்டுன பாலத்துல என்னையக் கூட்டிட்டுப் போயி விடுங்க."

மறுநாள் மலைமேல் நல்ல மழை. ஜீப்புக்காரர் ஓடைக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். லிங்கேஸ்வரன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது, இழுவையும் கூடுதல். பதிவேட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டான். சுகன்யா கைப்பிடிக்குப் பதிலாக அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு உடைந்து கூடின கையால்தான் பிடித்திருந்தாள். பாதி ஓடையில் பாறை வழுக்கி இரண்டு பேரும் இடுப்பு மட்டும் நனைந்தார்கள். அங்கேயே நின்று மூச்சு வாங்கும்போது லிங்கேஸ்வரன் தலைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தை ஒரு தடவை பார்த்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு ஏஜெண்டுகளும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கால் நனையாமல், இனிதே போய்வந்துகொண்டிருந்தன. அவனுக்கு வயிறு எரிந்தது.